மேசை விரிப்பில் முடிந்த கையெழுத்து

இடம்: லுக்லா காவல் சாவடி. நாள்: கார்த்திக் மாதம் 20, காலை பத்தேகால் மணி.

பெயர் யாங்ஜி ஷெர்பா, வயது 34, கணவர் பெயர் தெண்டி ஷெர்பா, ஊர் போர்ட்சே, தொழில் மலைப்பாதை வழிகாட்டி, உரிமம் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது.

நான் மேலே சொன்ன ஊரில் என் கணவர், இரண்டு மகள்கள், நான்கு யாக்கு மாடுகளுடன் குடியிருந்து வருகிறேன். யாக்குகளைச் சேர்க்க வேண்டாம் என்று உதவி ஆய்வாளர் ஐயா சொன்னார். எழுதியதை அடித்தால் அடித்த இடத்தில் நானும் கையெழுத்துப் போட வேண்டி வரும் என்று நான் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டார்.

ஸ்லோவாக்கியா நாட்டுக்காரரும் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியருமான ராடோவான், வயது 58, என் மீது கொடுத்த புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில், நான் அவரை கோரக்‌ஷெப்பிலிருந்து அவருடைய சம்மதம் இல்லாமல் கூடையில் வைத்துக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினேன் என்றும், அடிவார முகாமுக்கு இன்னும் மூன்று மணி நேரமே இருந்த நிலையில் அவருடைய பயணம் கெட்டுப்போனது என்றும், சொந்தப் பொறுப்பில் மேலே போவதாக அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை நான் மதிக்கவில்லை என்றும் இருக்கிறது. மூன்றும் நடந்ததுதான், நான் மறுக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் அவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார் என்றும், கம்பெனி பிடித்து வைத்திருக்கும் என் உரிம அட்டை இன்றைக்கே கைக்கு வந்துவிடும் என்றும் சொல்லப்பட்டது. அந்தக் கடிதத்தை நான் எழுதப் போவதில்லை. ஏன் என்று சொல்வதற்காகவே இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

கார்த்திக் 5-ஆம் தேதி லுக்லா விமான தளத்தில் அவரைச் சந்தித்தேன். சுமைக்கு போஜ்பூரைச் சேர்ந்த ஹர்க்கமான் ராய் என்பவரை அமர்த்தியிருந்தேன், நாற்பத்தாறு வயது, என்னை விட மூத்தவர், அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் மூன்று பேர் மட்டுமே. அதன் பிறகு வழி நெடுக ராடோவான் நல்ல துணையாகவே வந்தார். உயரம் எழுதிய பலகை எங்கே இருந்தாலும் நின்று படிப்பார், பத்து மீட்டர் தப்பாக இருந்தால்கூடப் பையிலிருந்து பென்சிலை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் நகர்வார். நாம்சேயில் ஒரு லாட்ஜ்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் உலகத்திலேயே உயரமான இந்த மலையை வரைந்து பிள்ளைகளுக்குக் காட்டியதாகவும், அதன் காலடியில் ஒரு தடவை நிற்காமல் சாகக் கூடாது என்றும் அவர் என்னிடம் சொன்னார். அந்த ஆசையை நான் சின்னதாக நினைக்கவில்லை.

டிங்போச்சேயில் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவி 84 காட்டியது, அந்த உயரத்துக்கு அது மோசமில்லை. 14-ஆம் தேதி மாலை லோபுச்சேயில் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை, தலைவலி என்று படுத்துவிட்டார். நான் சமையலறையில் வெந்நீருக்கு நின்றிருந்தபோது தானே கருவியை மாட்டிப் பார்த்ததாகச் சொல்லி, 90 என்று காட்டும் கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். கருவி அவர் உள்ளங்கையில்தான் இருந்தது, விரலில் இல்லை. நான் எண்ணைப் பார்த்தேனே தவிர விரலைப் பார்க்கவில்லை. அது என் தவறு. புகாரில் இல்லாத தவறு என்பதால் நானே சொல்கிறேன்.

15-ஆம் தேதி காலை ஆறேகாலுக்கு லோபுச்சேயிலிருந்து புறப்பட்டோம். இரண்டரை மணி நேரத்தில் கடக்கும் வழி, நான்கு மணி நேரம் ஆனது. கற்கள் குவிந்த ஏற்றத்தில் அவர் குடித்தவர் போலத் தள்ளாடினார், இரண்டு தடவை வாந்தி எடுத்தார். திரும்பிவிடலாம் என்று வழியிலேயே சொன்னேன். காது கேட்காதவர் போல நடந்துகொண்டே இருந்தார். அதன் பிறகு கோரக்‌ஷெப்பில் டோமா அக்கா நடத்தும் லாட்ஜின் சாப்பாட்டு அறையில் அவரை உட்கார வைத்து, கருவியை நானே அவர் விரலில் மாட்டினேன். 58 காட்டியது. கருவி கெட்டுவிட்டதோ என்று என் விரலில் மாட்டினேன், 89 காட்டியது. ஹர்க்கமான் அண்ணனைக் கூப்பிட்டு மாட்டினேன், 90 காட்டியது. அப்போதுதான் ஹர்க்கமான் அண்ணன் உண்மையைச் சொன்னார்.

"நேத்து சாக்லேட் குடுத்து விரல நீட்டுன்னாரு தங்கச்சி. வெள்ளக்காரரு ஏதோ வெளையாடுறாருன்னு நீட்டுனேன். விரல்தான கேட்டாரு."

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன், அதை இங்கே எழுத வேண்டாம். அதன் பிறகு நான் ராடோவானிடம், "சார், இந்த எடம் எத்தன மீட்டர்?" என்று கேட்டேன். அவர் தலைக்கு நேர் மேலே சுவரில் 5164 என்று எழுதியிருந்தது. அவர் யோசித்து, "நூத்தி நாப்பது" என்றார். அது அவருடைய பள்ளிக்கூடம் இருக்கும் ஊரின் உயரம் என்று முன்பு ஒரு நாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். பத்து மீட்டருக்குப் பென்சில் எடுத்த மனிதர் ஐயாயிரம் மீட்டரைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்குள் நீர் கோத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும், உடனே இறக்காவிட்டால் பிழைக்க மாட்டார்கள். இதை எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களும் அறிவார்கள்.

கீழே போகலாம் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் மறுத்தார். மாத்திரை கொடுத்தேன், துப்பிவிட்டார். "முப்பத்தொரு வருஷம்டீ. இன்னும் மூணு மணி நேரம். நீ இங்கேயே ஒக்காரு, நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். அதுவரை ஒரு நாளும் அவர் என்னிடம் மரியாதை இல்லாமல் பேசியதில்லை. ஹெலிகாப்டருக்கு டோமா அக்காவின் போனில் பேசினேன். பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் அடைத்திருப்பதால் நாளைக்குத்தான் என்று பதில் வந்தது. அந்த ஊரில் இருந்த ஒரே குதிரை காலையிலேயே வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு லோபுச்சேவுக்குப் போய்விட்டிருந்தது.

எங்கள் கம்பெனி விதிப்படி, மூன்று தடவை மறுப்பவரிடம் சொந்தப் பொறுப்புத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அதன் பிறகு நடப்பதற்கு வழிகாட்டி பொறுப்பில்லை. அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். எடுத்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பேனாவை வாங்கி, கோட்டின் மேல் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். இரண்டாவது எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியது. அதன் பிறகு பேனா நிற்காமல் தாளின் ஓரத்தைத் தாண்டி, மேசையில் விரித்திருந்த பூப்போட்ட ரெக்சின் விரிப்பில் ஒரு சாண் தூரம் போய், தேநீர்க் கோப்பையில் இடித்து நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "போட்டுட்டேன்ல?" என்றார். தாளை விட்டு வெளியே போனது அவருக்குத் தெரியவில்லை.

கையெழுத்து வாங்கியும் ஏன் அவரை விட்டுவிடவில்லை என்று ஐயா கேட்டதற்குச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் வேறொரு பயணி இதே ஊரில் இதே மாதிரித் தாளில் எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தும் கோணலாகத்தான் இருந்தது. குளிரில் கை நடுங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாளை மடித்துப் பையில் வைத்தேன். அடுத்த நாள் அவர் உடலைத்தான் கீழே கொண்டு வந்தோம். கையெழுத்து இருந்ததால் என்னிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வாக்குமூலமும் வாங்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால் இந்தத் தடவை தாளை மடிக்கவில்லை. ஹர்க்கமான் அண்ணனிடம், "விரலக் குடுத்தது நீங்க. முதுகயும் நீங்களே குடுங்க" என்றேன். அவர் சுமைக் கூடையைக் கவிழ்த்து, மூட்டைகளைக் கொட்டிவிட்டு, கால் தொங்கவிட ஒரு பக்கத்தை அரிவாளால் வெட்டினார். டோமா அக்கா கம்பளி கொண்டு வந்து உள்ளே போட்டார். மூன்று பேரும் சேர்ந்து ராடோவானைத் தூக்கிக் கூடையில் உட்கார வைத்தோம். அவர் உதைத்தார், டோமா அக்காவின் உதட்டில் பட்டு ரத்தம் வந்தது. விழாமல் இருக்க நெஞ்சோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியது நான். வழியில் அவர் ஹர்க்கமான் அண்ணனின் தலையில் குத்தியதால் கைகளை என் சால்வையால் கட்டியதும் நான்தான். கயிறும் சால்வையும் என் பொறுப்பு, ஹர்க்கமான் அண்ணன் மீது எதையும் எழுத வேண்டாம். ராடோவானுடைய போன் இரண்டு தடவை கீழே விழுந்ததால் என் சட்டைப் பையில் வைத்திருந்து, கீழே பெரிச்சேயில் மருத்துவர் முன்னிலையில் திருப்பிக் கொடுத்தேன்.

பதினொன்றேகாலுக்குப் புறப்பட்டோம். ராடோவான் எடை எண்பத்தொரு கிலோ. நெற்றிப்பட்டையில் பாரத்தை ஏற்றி ஹர்க்கமான் அண்ணன் நடந்தார், பின்னால் கூடையைத் தாங்கிப் பிடித்தபடி நான் நடந்தேன், சமதரை வந்த மூன்று இடங்களில் நான் சுமந்தேன். ராடோவான் தன் மொழியில் திட்டிக்கொண்டே வந்தார்.

"இதுக்கு மூணு மூட்ட அரிசி மேலு தங்கச்சி. அரிசி காதக் கடிக்காது."

"திட்டட்டும் அண்ணே. திட்டுற வரைக்கும் உசுரு இருக்கு."

பாதி வழியில் அவர் திட்டுவது நின்றது. மிச்சம் இருந்த ஒரு மணிநேர வழியை நாற்பது நிமிடத்தில் கடந்தோம். லோபுச்சேயில் குதிரை கிடைத்தது, அதில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இறங்கினோம். துக்லாவுக்கு மேலே இருக்கும், மந்திரம் செதுக்கிய மணிக்கல் சுவரை எப்போதும் வலக்கைப் பக்கம் விட்டுத்தான் தாண்ட வேண்டும். அன்றைக்கு அந்தப் பக்கம் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது, குதிரை கால் வைக்க மறுத்தது. நான் தப்பான பக்கமாகக் குதிரையை இழுத்துக்கொண்டு போனேன். பிறந்ததிலிருந்து நான் அப்படிப் போனதே கிடையாது.

"பாவமாச்சே தங்கச்சி."

"என் கணக்குல எழுதிக்கட்டும். நீங்க குதிரையப் புடிங்க."

இந்த ஒரு குற்றத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்கான தண்டனையை எங்கள் ஊர் லாமாவிடம் வாங்கிக்கொள்கிறேன், இந்தச் சாவடிக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்.

மாலை நாலே முக்காலுக்கு பெரிச்சே மருத்துவ நிலையத்தில் அவரை ஒப்படைத்தோம். ஊசி போட்டு, காற்றழுத்தப் பைக்குள் படுக்க வைத்தார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த குறிப்பை இத்துடன் கொடுக்கிறேன். அன்று மாலைக்குள் இறக்கியிருக்காவிட்டால் பிழைத்திருக்க மாட்டார் என்று அதில் இருக்கிறது. மறுநாள் மேகம் விலகியதும் அவரை ஹெலிகாப்டரில் லுக்லாவுக்கு அனுப்பினார்கள். போகும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்கு வலித்தது. நான் ஹர்க்கமான் அண்ணனுடன் நடந்து வந்து நேற்று மாலை இங்கே சேர்ந்தேன்.

அன்றைக்குத் தான் தெளிவாக இருந்ததாகவும், எல்லாம் நினைவிருப்பதாகவும் புகாரில் எழுதியிருக்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரியும். அதனால்தான் அவர் கையெழுத்துப் போட்ட தாளையும், டோமா அக்கா தன் புது விரிப்பிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி, "கேஸுன்னு வந்தா இதக் காட்டுடி, விரிப்பு போனாப் போவுது" என்று சொல்லிக் கொடுத்தனுப்பிய பூப்போட்ட துண்டையும் சான்றாக ஒப்படைக்கிறேன். இரண்டையும் மேசையில் ஒட்டி வைத்தால்தான் கையெழுத்து முழுதாகும். ஐயா வைத்துப் பார்த்தார். வெளித் திண்ணை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராடோவானையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். அவர் வந்து குனிந்து, தாளிலிருந்து விரிப்புத் துண்டுக்குப் போன கோட்டின் மேல் விரலை வைத்துக் கடைசிவரை கொண்டுபோனார். புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லவில்லை. திரும்பிப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் கொடுத்த புகாரை நான் மறுபடியும் வாங்கிப் பார்த்தேன். நான்கு பக்கம், வரி ஒவ்வொன்றும் நேராக இருக்கிறது, கடைசியில் கையெழுத்து கோட்டின் மேல் அச்சடித்த மாதிரி நிற்கிறது. ஐந்து நாளில் அந்தக் கை திரும்பி வந்திருக்கிறது. எனக்கு எதிரான கடுதாசியாக இருந்தாலும், அதைப் பார்த்ததில் எனக்கு சந்தோஷம்தான்.

மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன். நான் எழுதினால், அடுத்த தடவை இன்னொரு வழிகாட்டி அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வாள். உரிமம் போனால் போகட்டும், நான் சுமை தூக்கிப் பிழைத்துக்கொள்வேன். எனக்குத் தூக்க வரும் என்று இதற்குள் ஐயாவுக்கே தெரிந்திருக்கும்.

நான் சொன்னபடியே இதில் எழுதப்பட்டிருக்கிறது. ஐயா வாசித்தார், நான் கேட்டேன், யாக்குகளும் அப்படியே இருக்கின்றன. யாரும் மிரட்டவில்லை, யாருக்காகவும் எதையும் மறைக்கவில்லை. கீழே இருப்பது என் கையெழுத்து. கோட்டைத் தாண்டவில்லை, பார்த்துக்கொள்ளவும்.

யாங்ஜி ஷெர்பா