தண்ணீர் மதகைத் தாண்டிவிட்டது

டீயில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள், பரீத் பாய். சவூதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்தவர், கீழ்வேளூரிலிருந்து நன்னிலம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னீர்கள். மாலை போட்ட அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஆமாம், அது என் கணவர் செந்தில்குமார்தான். ஆடியில் இறந்தார். அதற்குப் பிறகு அவர் பெயரில் உங்களுக்கு வந்த பதிலெல்லாம் நான் எழுதியது. அதற்கு முன்பு வந்ததும் நான் எழுதியதுதான்.

அவர் துபாயில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவரை என் கல்யாண வாழ்க்கை வருஷத்துக்கு ஒரு மாதம். பிறகு வேலையை விட்டுவிட்டு வந்து, மாடி அறையில் கேம் செய்ய உட்கார்ந்தார். மேட்டூரில் திறக்கிற தண்ணீரைக் கடைமடை வயல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற கேம். முதல் கட்டத்தை வெளியிட்டதுமே உங்களைப் போன்றவர்கள் மீதி எப்போது என்று கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். யாராவது திட்டினால் அவருக்கு அன்று முழுக்க வேலை ஓடாது.

"இவங்களுக்குப் பதில் போடுறத நீயே பார்த்துக்க வானதி. எனக்குத் தெரிய வேண்டியதை மட்டும் சொல்லு" என்றார்.

எனக்கு அது வீட்டில் பார்த்துப் பழகிய வேலை. என் அப்பா ஐயாவு, பொதுப்பணித்துறையில் மதகு திறந்து மூடுகிற லஸ்கர். நாற்று காய்கிறதென்று வருகிற கடைமடைக்காரர்களிடம் தண்ணீர் இல்லை என்று அவர் சொன்னதே கிடையாது. "மேல மதகத் தாண்டிருச்சுங்க, போயி மடையத் தொறந்து வைங்க" என்பார். அவர்களும் சமாதானமாகப் போவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். மூன்றாம் கட்டம் முடிந்தது, சோதனை நடக்கிறது என்பேன். பாதிகூட முடிந்திருக்காது.

சித்திரையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூர் டாக்டர் உடனே ஆபரேஷன், அப்புறம் நல்ல ஓய்வு என்றார். திரும்பும்போது காரில் அவர் சொன்னார்: "கேம நிறுத்திட்டேன்னு போட்டுரு. உடம்பு முடியலன்னு உள்ளதச் சொல்லு. தேறினதும் துபாய்க்கே போயிடுறேன். பழைய எடத்துல கூப்புடுறாங்க."

"அப்ப நானு?"

"நீ எங்கம்மாகூட இரு. என்ன, புதுசா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் சொன்னபடியே போட்டேன். முதலில் வந்தது உங்கள் பதில். 'உடம்பப் பாருங்கண்ணே, கேம் எங்க ஓடிடப் போகுது.' தொடர்ந்து வந்தவையும் அப்படியே. ஒருவர்கூடத் திட்டவில்லை. வந்ததையெல்லாம் அழித்தேன். அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனைப் பார்த்து வாசிப்பதுபோல, நானாகச் சொன்னேன்: 'நெஞ்சுவலியாம்ல. நடிக்கிறான். ஏமாத்துக்காரன்.'

"இப்புடியா பேசுறாங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

மறுநாள் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு மாடியேறினார். உடம்பு தேறிவிட்டது, தீபாவளிக்கு முழு கேமும் வரும் என்று நான் மாற்றிப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். வேகம் குறைந்த நாட்களில் இன்னும் கொஞ்சம் வாசித்துக் காட்டுவேன். பிற்பாடு படியில் பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். அதனால் சாப்பாட்டை மேலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை. ரசம் ஆறுவதற்குள் கூப்பிடலாமென்று போனபோது, கீபோர்டின் மேல் தலை சாய்ந்திருந்தது. கேமில் தண்ணீர் பாதி வழியில் நின்றிருந்தது.

போன வாரம்கூட, பொங்கலுக்கு வந்துவிடும் என்று போட்டேன். இல்லை என்று சொல்ல எனக்கு வருவதில்லை.

உங்கள் ஒரு வரியை வாசித்துக் காட்டியிருந்தால் அவர் ஆபரேஷன் செய்துகொண்டு பிழைத்திருப்பார். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் அழித்தேன்.

ஆனால் பிழைத்தவர் இப்போது துபாயில் இருப்பார், பரீத் பாய். பாருங்கள், வீட்டில் இருக்கிறார்.