பெயிண்ட் வாளி ரோஜா

"பெயிண்ட் வாளிக்காக ஒரு கல்யாணம் நின்னா நிக்கட்டும்க்கா."

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். பக்கத்தில் அதே யூனிஃபார்மில் ஓர் அக்கா.

"வாய மூடுடி. வர்றவங்க பெங்களூர்ல சொந்த வீடு வெச்சிருக்கறவங்க. உங்க வீட்ல படி பூரா பழைய வாளி. ஜன்னலுக்கு உங்கம்மாவோட பழைய சேலை. எல்லாத்தையும் ஒரு நாளைக்கு எங்க வீட்ல கொண்டாந்து போட்டுடு. எம்பொண்ணப் பாக்க வந்தப்ப நானும் அப்படித்தான் ஒளிச்சி வெச்சேன்."

"வாளியில ரோஜாச் செடி இருக்குக்கா."

"புதுத் தொட்டி வாங்கி வெய்யி."

"தாம்பாளத்துல வெக்கப்போற ரோஜா அந்த வாளியில பூத்ததுதான். வாளிய ஒளிச்சிட்டுப் பூவ மட்டும் காட்டணுமா? அவங்க வீட்டுக்குப் போனாலும் நான் ஒரு டப்பாவக்கூடத் தூக்கிப் போடமாட்டேன். அது இப்பவே தெரியட்டும்."

"மாப்பிள்ளையோட அம்மா மூஞ்சி சுளிச்சா?"

"கல்யாணத்துக்கு அப்புறம் சுளிக்கறதுக்கு, ஞாயித்துக்கெழமையே சுளிச்சிட்டுப் போகட்டும்."

கம்பெனி கேட் வந்தது. அக்கா எழுந்து டிபன் பையைத் தோளில் மாட்டினாள்.

"அந்தச் சேலையையாவது தொவச்சிப் போடுடி."