முப்பதுக்கு முப்பது

கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவதில் இந்த மாநிலத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஒரு காலுக்கு ஐம்பது வினாடி. சுருக்கம் விழாது, ரத்த ஓட்டம் நிற்காது, ஆட்டம் முடிகிறவரை நெகிழாது. சனிக்கிழமை காலையில் நாற்பது பையன்களுக்குச் சுற்றி முடித்த பிறகுதான் நான் சாப்பிடவே உட்காருவேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், என்னைக் கவனக்குறைவான ஆள் என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. உங்கள் விசாரணைக் காகிதத்தில் அந்த வார்த்தை இருப்பதை எதிர்ப்பக்கத்திலிருந்தே படித்துவிட்டேன். அதை அடித்துவிடுங்கள். இருபத்தாறு வருட வேலையில் நான் கவனமில்லாமல் எதையும் செய்ததில்லை.

என் பெயர் ராய்ஸ் டிலார்ட். இந்தக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியின், அதாவது பந்தைக் கையால் எறிந்து மோதி ஆடுகிற பையன்களின், உடம்புகளைப் பார்த்துக்கொள்கிறவன். டாக்டர் இல்லை, டாக்டருக்கு ஒரு படி கீழே. அதற்கு முன்னால் இதே மைதானத்தில் பந்து எறிகிறவனாக ஆடினேன். இருபத்திரண்டு வயதில் லேங்ட்ரி விருது வாங்கினேன். நாட்டிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கு டிசம்பர் மாதம் கொடுக்கிற வெண்கலக் கோப்பை. அடுத்த வருடம் தொழில்முறை அணி ஒன்று மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு முதல் ஆளாக என்னை எடுத்தது. அங்கே ஐந்தே ஆட்டம் ஆடினேன். பதினொரு தடவை பந்தை எதிரணிக்காரன் கையில் எறிந்தேன். மூன்றாம் வருடம் என் வண்டியிலேயே மிசிசிப்பிக்குத் திரும்பிவந்து, விட்ட படிப்பை முடித்து, இந்த வேலையில் சேர்ந்தேன்.

டிசம்பர் வந்தால் எனக்குத் தொலைக்காட்சியைப் போடவே எரிச்சலாக இருக்கும். கோட்டு போட்ட நான்கு பேர் உட்கார்ந்துகொண்டு, லேங்ட்ரி வாங்கினவன் தொழிலில் தேறுவானா மாட்டானா என்று வருடம் தவறாமல் அலசுவார்கள். தேறினவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரை நிமிடம், தோற்றவர்களுக்கு இருபது நிமிடம். என் படம் நான்காவதாக வரும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருக்கிற படம். முப்பது வருடமாக அதே படம்தான். வேறு ஒன்று தேடி எடுக்கக்கூட அவர்களுக்குச் சோம்பல்.

மறுநாள் மீன் வறுவல் கடைக்குப் போனால் கடைக்காரன் ஹோலிஸ் கல்லாவிலிருந்தே ஆரம்பிப்பான்.

“வாய்யா லேங்ட்ரி! நேத்து உன்னயப் பாத்தோம். ஆமா, அந்தக் கோப்பைய வச்சு என்னதான் பண்ற? கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கியா?”

“நாய்க்குத் தண்ணி வெக்கிறேன்.”

“பாத்துய்யா, நாயும் பந்த எதிர்வீட்டுக்காரன்கிட்டக் குடுத்துறப் போவுது.”

கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். ஊரில் எல்லாரும் நல்லவர்கள்தான், என் அம்மா செத்தபோது ஒரு வாரம் சோறு கொண்டுவந்து கொடுத்தவர்கள். ஆனால் முப்பது வருடம் ஒரே கிண்டலுக்குச் சிரிப்பது லேசான வேலை இல்லை.

என்னிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. விருது என்பது செய்து முடித்த வேலைக்குக் கொடுப்பது. தொழில்முறை அணிக்காரன் ஆள் எடுப்பது இனி செய்யப்போகிற வேலைக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, பையனைப் போய்க் குறை சொல்கிறார்கள். கல்லூரியில் கோச் ஓரத்தில் நின்று படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டுவார். அதைப் பார்த்து எறிந்தால் போதும், பிடிக்கிறவனைச் சுற்றி ஒரு கார் நிறுத்துகிற அளவு இடம் இருக்கும். தொழில்முறை ஆட்டத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இடம். அதுவும் இரண்டரை வினாடியில் மூடிவிடும். எங்கள் கல்லூரியில் எனக்கு முன்னால் ஒருவர் விருது வாங்கினார், பின்னால் ஒருவன் வாங்கினான். இரண்டு பேரும் தேறவில்லை. மூன்று பேருக்கும் ஒரே கதி என்றால் குறை ஆளிடம் இல்லை, விருதில் இருக்கிறது. இந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் ஓட்டினேன்.

அப்புறம் டேவியன் மேபெரி வந்தான். அவனும் என்னைப் போலப் பந்து எறிகிறவன்.

நீங்கள் அவனை விளம்பரப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நேரில் இன்னும் ஒல்லி. அவன் அம்மா லொரெட்டா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறவர், ஒற்றை ஆளாக வளர்த்தவர். பையன் எல்லாரிடமும் ‘சார்’ போட்டுத்தான் பேசுவான், புல் வெட்டுகிறவரிடம்கூட. என்னை ‘மிஸ்டர் ராய்ஸ்’ என்பான். என்னை அவனுக்குப் பிடிக்கும். கோப்பையைப் பற்றி ஒரு தடவைகூடக் கிண்டல் செய்யாத ஆள் இந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

ஆகஸ்டில், பயிற்சி ஆரம்பிக்கும்போது, ஒவ்வொரு பையனுக்கும் மூளைக்கு ஒரு சோதனை வைப்போம். ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது, எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது, இப்படி. மொத்தம் முப்பது மதிப்பெண். வருடத்தின் நடுவில் தலையில் அடிபட்டால் மறுபடி வைத்து, ஆகஸ்ட் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ரொம்ப இறங்கியிருந்தால் ஆட விடமாட்டோம். பையன்கள் விவரமானவர்கள். ஆகஸ்டில் வேண்டுமென்றே சொதப்புவார்கள். ஆகஸ்டில் முட்டாளாக இருந்தால் அக்டோபரில் அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாதல்லவா. எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. நாங்களும் கண்டுகொள்வதில்லை.

டேவியன் சொதப்பவில்லை. அவனுக்கு அந்த வழக்கமே தெரிந்திருக்கவில்லை. மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மார்ச்சில் நிறுத்தினான்.

“சார், அங்க நம்ம பசங்க பத்துப் பேர்தான் நிக்கிறாங்க. பதினொண்ணுல ஒரு ஆள் கொறயுது.”

பிறகு பிப்ரவரி, ஜனவரி என்று முடித்தான். நான் எழுந்துபோய் எண்ணினேன். குறுக்கும் நெடுக்குமாக ஓட ஆரம்பித்திருந்த கூட்டத்தில் எண்ணி முடிக்க எனக்கு நேரம் பிடித்தது. பத்துப் பேர்தான். என்னைத் திருப்பி அனுப்பியபோது தொழில்முறைக் கோச் சொன்ன ஒரே வாக்கியம், “கை நல்லாத்தான் இருக்கு, நீ லேட்டாப் பாக்குற” என்பது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

முப்பதுக்கு முப்பது வாங்கியிருந்தான். இத்தனை வருடத்தில் நான் பார்த்த முதல் முப்பது.

“இன்னொரு தடவ பண்ணுவோம்” என்றேன். “இந்தத் தடவ கொஞ்சம் கொறச்சுப் பண்ணு.”

“ஏன் சார், தப்பாச் சொல்லிட்டேனா?”

“இல்லப்பா. நாளைக்கு லேசா ஒரு தட்டு தட்டுனா இருபத்தஞ்சுக்கு வந்துருவ. முப்பதுலருந்து எறங்கிட்டான்னு உக்கார வச்சிருவாங்க. ஒரு ஆட்டம் போச்சுன்னா இந்த வருசம் உனக்கு வரவேண்டிய லேங்ட்ரி கோப்பையும் போச்சு.”

“அது பொய்யில்லையா, மிஸ்டர் ராய்ஸ்?”

“எல்லாரும் பண்றதுதான். வழக்கம்.”

“நீங்க சொன்னா சரி சார்” என்றான்.

இரண்டாம் தடவை இருபத்திரண்டு. சொதப்புவதையும் அவன் அளவாகச் செய்தான். முதல் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அக்டோபரில் ஒரு தொழில்முறை அணியிலிருந்து ஆள் பார்க்க வந்த கிழவர் ஒருவர், டோபின் என்று பெயர், பயிற்சியின்போது வேலியோரம் என் பக்கத்தில் நின்றார். அரை மணி நேரம் டேவியன் எறிவதையே பார்த்தார்.

“கை பலம் எல்லாப் பயலுக்கும் இருக்கு ராய்ஸ். இவனுக்குக் கண்ணு இருக்குய்யா. பதினஞ்சு வருசம் ஆடுவான். விருது ராசியில்லன்னு நீ சொல்லிட்டுத் திரியிற கதைய இனிமே எவன் கேப்பான்?”

“சந்தோசம்தான்” என்றேன்.

“சந்தோசமா இருக்கிற மூஞ்சியா இது?” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, மதியம் இரண்டரைக்கு ஆட்டம். விருதுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற ஆட்டம் அது. முதல் பாதி முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது எதிரணிக்காரன் ஒருவன் தலையாலேயே டேவியனின் தலையில் மோதினான். பையன் எழுந்து, எதிரணிக் கூட்டத்துக்குள் போய் நின்றான். நான் அவனைக் கையைப் பிடித்து ஓரத்திலிருந்த நீல மருத்துவக் கூடாரத்துக்குள் கூட்டிவந்தேன். எங்கள் டாக்டர் அங்கே இல்லை. கால் முறிந்த இன்னொரு பையனோடு ஆம்புலன்ஸில் போயிருந்தார். எதிரணி டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம், விதியில் இடம் உண்டு. நான் கூப்பிடவில்லை.

சோதனை வைத்தேன். ஐந்து வார்த்தையில் இரண்டுதான் திரும்பி வந்தது. என்ன மாதம் என்றதற்குச் செப்டம்பர் என்றான்.

“மிஸ்டர் ராய்ஸ், வெளிச்சம் குத்துது. அம்மா வந்திருக்காங்களா?”

“வந்திருக்காங்க. மேல உக்காந்திருக்காங்க.”

“நான் ஆடலாமா சார்?”

கூட்டினேன். இருபத்தொன்று. ஆகஸ்ட் கணக்கு இருபத்திரண்டு. ஒன்றுதான் குறைவு, ஒன்று குறைந்தால் அனுப்பலாம். அன்று நான் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. அந்தத் தாள் உங்களிடமே இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளலாம்.

கோச் ஸ்டாம்ப்லி கூடாரத்துக்குள் தலையை விட்டார். “என்னய்யா, ஆடுவானா மாட்டானா? சட்டுனு சொல்லு!”

“ஆடுவான், கோச்.”

தலைக்கவசத்தை நானே மாட்டிவிட்டேன். வாரை இழுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.

இரண்டாம் பாதியில் அவன் பிரமாதமாக ஆடினான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பழகிய உடம்பு தானாக ஆடியது, அவ்வளவுதான். கடைசியில் விழுந்ததுகூடப் பெரிய அடி இல்லை. பயிற்சியில் தினமும் படுகிற மாதிரி ஒரு சாதாரணத் தள்ளல். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. மண்டைக்குள் ரத்தம் கட்டி, எலும்பைத் திறந்து எடுத்தார்கள். பத்தொன்பது நாள் கழித்துக் கண் விழித்தான். அதற்குள் விருது அவனுக்குத்தான் என்று அறிவித்துவிட்டார்கள், அவன் அம்மாதான் போய் வாங்கினார். இப்போது அவனால் சட்டைப் பொத்தான் போட முடியாது. அம்மாவை அடையாளம் தெரிகிற நாளும் உண்டு, தெரியாத நாளும் உண்டு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லொரெட்டா என்னிடம் கேட்டார். சத்தம் போடவில்லை.

“மிஸ்டர் ராய்ஸ், எம்புள்ள எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டான். ஆகஸ்ட்ல போன் பண்ணி, ‘முப்பதுக்கு முப்பது வாங்கினேம்மா, மிஸ்டர் ராய்ஸ் அதக் கொறச்சுக்கச் சொன்னாரு’ன்னான். ஏன் சொன்னீங்க?”

“எல்லாரும் பண்றதுதான், மிஸ் லொரெட்டா.”

“எல்லாரும் தாங்களாப் பண்ணுவாங்களாமே. இவனுக்கு மட்டும் நீங்க ஏன் சொல்லிக் குடுத்தீங்க?”

நான் அவருக்குக் காபி வாங்கிவரப் போனேன். திரும்பி வந்தபோது அவர் பையனிடம் உள்ளே போய்விட்டிருந்தார். உங்களுக்குப் புகார் எழுதிப்போட்டது அவர்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். விருதால் பிரயோசனமே இல்லை என்று முப்பது வருடம் பேசின ஆள், ஒரு விருதுக்காக அந்தப் பையனை ஏன் உள்ளே அனுப்பினீர்கள் என்று. ஊருக்காக என்றேன், பையன் கேட்டான் என்றேன், கோச் அவசரப்படுத்தினார் என்றேன். மூன்றையும் எழுதிக்கொண்டீர்கள். அவற்றை அடித்துவிடலாம்.

இத்தனை வருடத்தில் தலையில் அடிபட்டு அந்தக் கூடாரத்துக்குள் வந்த பையன்கள் எத்தனையோ பேர். எவன் ஆகஸ்டில் சொதப்பியிருக்கிறான் என்று அவன் கண்ணைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், கணக்கு எப்படி இருந்தாலும் மைதானத்துக்குத் திருப்பி அனுப்பமாட்டேன். அழுதிருக்கிறார்கள், கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார்கள், ஒருவன் என்னைக் கீழே தள்ளிவிட்டிருக்கிறான். ஒருவனையும் நான் ஆட விட்டதில்லை. டேவியனும் தொழில்முறை அணிக்குப் போய் என்னைப் போலத் தோற்றுவிடுவான் என்று எனக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை இருந்திருந்தால், அன்றைக்கு அவனையும் உட்காரவைத்திருப்பேன்.