டாக்டர் கையெழுத்து இல்லாத காலு

...இல்ல பாய், நீங்களே சொல்லுங்க, கணுக்கால்ல இதெல்லாம் ஒரு வீக்கமா? கொழுக்கட்ட சைசுகூட இல்ல! இதுக்குப் போயி கபடி ஃபைனல்ல என்னைய சேர்ல உக்கார வச்சுட்டாய்ங்க. சோலைமுத்து பாடப் போறான்னா இங்க முசஃபாவுல பாதி லேபர் கேம்ப்பு வந்து நிக்கும் பாய். அந்த சோலைமுத்து நாந்தேன்! இப்பப் பாருங்க, கையில சமோசாவோட வேடிக்க பாக்குறேன்.

தேரா பஜார்ல கட வச்சிருக்கேன்னீங்கள்ல, கபடி மொத மொதல்ல இப்பத்தான் பாக்குறீங்களா? அடடா! ஒண்ணும் பிரமாதம் இல்ல. இங்கேருந்து ஒருத்தன் கபடி கபடின்னு பாடிக்கிட்டே அங்க போவான். தொட்டுட்டுத் திரும்பி வந்தா பாயிண்ட்டு, அமுக்கிட்டாய்ங்கன்னா அவன் அவுட்டு. அம்புட்டுத்தேன். அந்தா, செவப்பு பனியன் போறான்ல, அவன்தான் எனக்குப் பதிலா எறங்குன விஜயபாஸ்கரு. ஏ, குனிஞ்சு போடா!... எங்க குனியிறான்? மாமியார் வீட்டு விருந்துக்குப் போற மாதிரில்ல போறான்.

எல்லாம் அந்த ரூலு பண்ற வேல பாய். அடிபட்டவன், டாக்டர் கையெழுத்து இல்லாம உள்ள காலு வைக்கக்கூடாதாம். அந்த டாக்டரம்மா என்னான்னா, கணுக்கால ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே ரெஸ்ட்டுன்னு எழுதிட்டாங்க. மேனேஜர் ரவிசங்கர் சார்ட்ட எம்புட்டுக் கெஞ்சுனேன்! மனுசன் ரூலு பேப்பரத் தூக்கித் தூக்கிக் காட்டுறாரு.

எவன்யா இந்த ரூலப் போட்டதுங்கிறீங்களா? அது சும்மா வந்ததில்ல பாய். எங்களக் கூட்டியாரும்போது, "ஆட்டந்தான் வேல, கம்பெனி டீமுக்கு ஆடுனாப் போதும்"னாய்ங்க. விசாவுல பாத்தா ஹெல்ப்பர்! பகல் பூரா குடோன்ல மூட்ட, சாயந்தரம் கபடி. கப்பு கம்பெனிக்கு, கட்டு நமக்கு. ஜாபர் சாதிக்குன்னு எங்க டீம்ல ஒருத்தன் இருந்தான், என்னா ஆட்டக்காரன் தெரியுமா! முழங்கால் வீங்கிருச்சு. ஆடாம ரூம்ல உக்காந்தா சம்பளத்தப் புடிச்சுருவாய்ங்க அப்ப. "ஒண்ணுமில்ல சார், ஆடிருவேன், விடுங்க"ன்னு அவனே கெஞ்சி எறங்குனான். ஜவ்வு கிழிஞ்சு போச்சு. காலு ஆறுறதுக்குள்ள விசா கேன்சல், கலாஸ், ஊருக்கு ஏத்தி விட்டுட்டாய்ங்க. இன்னைக்கு ஊர்ல மாடிப்படி ஏற முடியல அவனுக்கு.

ஸ்ட்ரைக்குன்னு இங்க வாயத் தொறக்க முடியுமா? நேரா ஏர்போர்ட்டுதேன். அதனால ஒரு வேல பண்ணுனோம். போன வருசம் ஃபைனலு, கப்பு குடுக்க வந்த பெரிய அரபி ஒருத்தரு முன்வரிசையில. ரெண்டு டீமும் பேசி வச்சுக்கிட்டோம். நான் பாடிக்கிட்டே போவேன், கோட்டத் தாண்டுவேன், ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருவேன். அந்தப் பக்கத்து ஆளு வருவான், அவனும் கும்பிட்டுட்டுப் போயிருவான். எவனும் எவனையும் தொடல! கடைசி வரைக்கும் சைபருக்கு சைபரு! ஆடலன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல? அரபி பாவம், இதான் ஆட்டம்போலன்னு கை தட்டிக்கிட்டே இருந்தாரு!

அவருக்கு விசயம் தெரிஞ்சா என்னாவுறதுன்னு மொதலாளிகளுக்குத்தேன் வேர்த்துருச்சு. மறுநாளே கூப்ட்டுப் பேசுனாய்ங்க. அடிபட்டா முழுச் சம்பளம், டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் டூட்டியும் இல்ல, ஆட்டமும் இல்ல. "ஆட்டக்காரனே கால்ல விழுந்து கெஞ்சுனாலும் எறக்கக்கூடாது, அதையும் எழுதுங்க"ன்னு மேசையத் தட்டுன கிறுக்கன் யாருங்கிறீங்க?... சிரிக்காதீங்க பாய். நாந்தேன்!

ஐயய்யோ, ஒரு பாயிண்ட்டு பின்னாடி கெடக்கோம்! இதான் கடைசிப் பாட்டு, ரெண்டு பேரத் தொட்டுட்டு வந்தாத்தேன் ஜெயிக்கலாம். இருங்க பாய், ரவிசங்கர் சார் ஓடியாறாரு... என்ன சார்?... எறங்கவா? நானா?... பேப்பர நீங்க பாத்துக்கிறீங்களா?... யாருக்கும் தெரியாதா?

...கையெழுத்து எங்க சார்? இல்ல சார், எனக்கு ஆசதான், காலு துடிக்குது. ஆனா இன்னைக்கு நான் எறங்குனா, நாளைக்கு இன்னொருத்தன் வீங்குன முழங்காலோட வந்து கெஞ்சுவான். "சோலைமுத்தே ஆடுனான்ல"ன்னு அவனையும் எறக்கி விட்ருவீங்க. போங்க சார்! விஜயபாஸ்கர அனுப்புங்க!

போறான் பாய்... இப்பத்தான் குனியிறான்... ஒருத்தனத் தொட்டுட்டான்! இன்னொருத்தனையும் தொட்டுட்டான் பாய்! திரும்புடா, வாடா, வாடா... அட, கோட்டுக்கு இத்துணூண்டு... போச்சு. அமுக்கிட்டாய்ங்க.

தோத்துட்டோம். ஆமா, அழுகுறேன், அழுகக்கூடாதா? நானு போயிருந்தா ஜெயிச்சிருப்பேன் பாய், சத்தியமா ஜெயிச்சிருப்பேன்... சரி விடுங்க. அங்க கப்பத் தூக்கிக்கிட்டு குதிக்கிறாய்ங்க பாருங்க, அம்புட்டுப் பயலும் நாளைக்கு விடியறதுக்குள்ள சைட்டு வேலைக்கு பஸ் ஏறணும். நான் தூங்குவேன் பாய். வெயில் மூஞ்சியில வந்து அடிக்கிற வரைக்கும், கால நீட்டிக்கிட்டு, முழுச் சம்பளத்தோட!