துடைப்பத்துக்குத் தப்பிய எழுத்து

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் அச்சக உரிமையாளர் அவர்களே, தங்கள் மொழிக்கு முதல் அகராதி வந்துவிட்ட மகிழ்ச்சியில் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இடமின்றிச் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, எல்லோருக்கும் இந்த அச்சகத்துக் கணினிக்காரனின் பணிவான வணக்கம்.

என்னை வாழ்த்திப் பேசத்தான் அழைத்தார்கள். நான் வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கிறேன்.

இந்த அகராதியைத் தொகுத்த செவிலியர் அக்கா இதோ மேடையில் இருக்கிறார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் வார்டில் ஒரு முதியவர், "ஙூலா, ஙூலா" என்று முனகிக்கொண்டே இருந்தாராம். ஊசி போட்டார்கள், போர்வை போர்த்தினார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். அவர் தம் மொழியில் கேட்டதோ தண்ணீர். அது புரிய அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாள் அக்காவை உறங்க விட்டதா? ஓய விட்டதா? ஒதுங்கத்தான் விட்டதா? நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டு, சொல் சொல்லாகச் சேர்த்தார். எல்லாவற்றையும் கணினியில் தட்டி ஒரே ஒரு பென் டிரைவில் ஏற்றிய பிறகு நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்.

முன்வரிசையில் இருக்கும் இவர்கள் மொழியை அக்கா லத்தீன் எழுத்தில்தான் எழுதியிருக்கிறார்; அதன் ஙகர ஒலிக்கு ஓர் எழுத்து உண்டு: ŋ. n என்ற எழுத்தின் வலக்காலைக் கீழே இழுத்து, நுனியை உள்ளே மடக்கினால் அதுதான்.

அக்கா தந்த பென் டிரைவை என் பழைய மென்பொருளில் திறந்தேன். அந்த எழுத்து ஒன்றுகூட இல்லை. அது இருக்க வேண்டிய இடமெல்லாம் தலையில் வளையம் வைத்த ஒரு A, பக்கத்தில் ஓர் அம்புமுனை.

"தம்பி, என் பதினெட்டு வருஷம் போச்சா?" என்றார் அக்கா.

அச்சகத்தில் எனக்குத் துடைப்பம் என்று பெயர். சிரியுங்கள், எனக்கு அதில் பெருமைதான். கோப்பில் குப்பை கண்டால் விசைப்பலகையில் ஒரே தட்டில் கூட்டித் தள்ளிவிடுவேன். அன்றும் அந்த இரண்டையும் தேடும் கட்டத்தில் இட்டேன், மாற்றும் கட்டத்தை வெறுமையாக விட்டேன்; இனி ஒரு விசையைத் தட்டினால் இரண்டும் எல்லா இடத்திலும் அழிந்துவிடும். பிரதி எடுத்தேனா? இல்லை. வேறெங்காவது பிரதி இருந்ததா? அதுவும் இல்லை.

பின்னாலிருந்து ஒரு குரல். பிழை திருத்தும் அம்மா, நாங்கள் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவோம். அதோ, மூன்றாம் வரிசையில் முறைக்கிறார்.

"கைய எடுங்க. குப்பைன்னா கண்டபடி கிடக்கும். இது ரெண்டும் எல்லா இடத்துலயும் சேர்ந்தே, அதே வரிசையில வருதே, ஏன்?"

கை நின்றது, கண் திறந்தது. கணினிக்கு எழுத்து தெரியாது, ஐயா, எண்தான் தெரியும். இந்த எழுத்தின் எண் 331. கோப்பின் ஓர் அறையோ 255 வரைதான் தாங்கும். ஆகவே யூனிகோடு என்ற விதிப்படி 197, 139 என்று இரண்டு அறைகளில் குடிவைக்கிறார்கள். என் மென்பொருளுக்கு அறைக்கோர் எழுத்தாகப் படித்தே பழக்கம். 197க்கு வளையம் வைத்த A, 139க்கு அம்புமுனை. எழுத்து அழிந்ததா? இல்லை. ஒழிந்ததா? இல்லை. ஒளிந்திருந்தது. அதைத்தான் நான் துடைக்கப் போனேன்.

யூனிகோடாகப் படி என்று மாற்றிக் கொடுத்தேன். திரை ஒருமுறை சிமிட்டியது. அக்கா முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை; அந்தத் தண்ணீரைத்தான் தேடினார்.

"இருக்கு" என்றார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பாடா என்ற சொல்லுக்கு முழுப் பொருள் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. இந்நூலின் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தை நம்பி, முன்வரிசைப் பெரியோர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஙூலா.

இதோ, மூன்று டம்ளர்கள் நீள்கின்றன. அன்று அரை நாள் ஆனது, இன்று அரை நிமிடம் ஆகவில்லை. இதைக் குடித்து, கொடுத்த கைகளுக்கு நன்றி சொல்லி, அக்காவையும் உங்கள் அனைவரையும் வணங்கி அமர்கிறேன்.