துபாயிலிருந்து போட்ட டிக்

நாலாவதோடு படிப்பை விட்டும் சொந்தமாக மூன்று கடை போட்டவன் நான். எந்தப் பேச்சில் விஷயம் இருக்கிறதென்று என் காதுக்குத் தெரியும். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ்ஸில், முன் சீட்டில் கையில் மாவுக்கட்டோடு ஒருத்தி. பக்கத்தில் அவள் அக்கா, மடியில் பெரிய பலாப்பழம்.

"என் கை ஒடையிறதுக்கு எங்க வீட்டுக்காரரு துபாயில இருந்தே சம்மதம் குடுத்திருக்காருக்கா."

"என்னடி ஒளர்ற?"

"ராட்டினம், ஊஞ்சல்லாம் இருக்குற பார்க்குக்கு டிக்கெட்ட அவருதான் போன்ல எடுத்தாரு. அடிபட்டா நாங்க பொறுப்பில்லன்னு அதுல இருந்திருக்கு. படிக்காமலே டிக் அடிச்சிட்டாரு. ஊஞ்சக் கயிறு அந்து நான் விழுந்ததும் பார்க்காரன் அதத்தான் காட்டுனான்."

"வக்கீலம்மா என்ன சொன்னாக?"

"இத்துப்போன கயித்துல ஆளேத்துனது அவுக தப்பு, நீங்களே டிக் அடிச்சிருந்தாலும் அது செல்லாது, இதுல ஒங்க புருசன்ல அடிச்சிருக்காருன்னு சிரிச்சாங்க. நோட்டீஸ் போனதும் வைத்தியச் செலவு பூராத்தையும் பார்க்காரன் குடுத்துட்டான். அந்த மகராசி நல்லாருக்கணும். இந்தப் பழம் எம்மாத்திரம்!"

பஸ் ஸ்டாண்டு வந்தது. அக்கா முக்கி முனகிப் பழத்தைத் தூக்கினாள்.

"வக்கீலம்மா வீடு போறதுக்குள்ள கீழ விழுந்தா நான் பொறுப்பில்லடி."

"அதெல்லாம் செல்லாதுக்கா. பாத்துத் தூக்கு."