புஷ்பவல்லி அம்மையாரின் பூங்காவுக்கு இனி யார் போவது?

தலைமை ஏற்றிருக்கும் அப்துல் கனி அண்ணன் அவர்களே, தாயை இழந்து நிற்கும் தம்பி விமலன் அவர்களே, காற்றாடிக்கு நேர் கீழே இடம் பிடித்தவர்களே, இடம் கிடைக்காமல் வியர்த்துக்கொண்டிருப்பவர்களே, பூங்காக் குழுச் செயலாளன் தம்புசாமியின் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டம் இந்த மண்டபத்தில் நடந்திருக்கவே கூடாது. நமது தலைவி புஷ்பவல்லி அம்மையார் உருவாக்கிய பூங்காவில் நடந்திருக்க வேண்டும். அங்கே போட நாற்காலிக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தேன். ஒருவரும் வர மாட்டோம் என்றீர்கள். அதனால்தான் இந்தப் புழுக்கத்தில் அடைந்து கிடக்கிறோம். ஏன் வர மறுத்தீர்கள்? காரணத்தை நீங்கள் மின்தூக்கிக்குள் குசுகுசுவென்று பேசுகிறீர்கள். நான் மேடையில் பேசப் போகிறேன். கோபப்படுபவர்கள் தாராளமாகப் படலாம்.

பூச்சோங்கில் நம் இரண்டு அடுக்குமாடிகளுக்கும் நடுவில் கிடந்த அந்த இடம் எப்படி இருந்தது? கிழிந்த சோபா, ஊறிப்போன மெத்தை, கொசு, பாம்பு. நம் பிள்ளைகள் எங்கே விளையாடின? கிரில் போட்ட நடைவழியில் பந்து உதைத்து, எதிர்வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கின. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்திய அம்மையார் இதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் கிளம்பினார்.

அந்த முதல் கூட்டம் நினைவிருக்கிறதா? ஒருவர் பெரிய சிலை வைப்போம் என்றார். இன்னொருவர் நீரூற்று என்றார். அம்மையார் என்ன சொன்னார்?

“சிலை வெச்சா பிள்ளைங்க கும்பிட்டுட்டுப் போயிடுங்க, விளையாடாதுங்க லா. நம்ம பல்லாங்குழியத்தானே மலாய்க்காரங்க சொங்காக்னு ஆடுறாங்க? அத வைப்போம். யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.”

அப்படிப் பிறந்ததுதான் நமது பழைய விளையாட்டுப் பூங்கா. சிமெண்டில் பல்லாங்குழி மேசை, தரையில் நொண்டிக் கட்டம், பிள்ளைகளே காய்களாக நின்று ஆட ஓடு பதித்த பரமபதம். செராஸிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். நமக்கெல்லாம் எவ்வளவு பெருமை!

ஆனால் அதற்கு முன்பே அங்கே ஓர் அரசமரம் நின்றது, இன்றும் நிற்கிறது. அப்போது மரத்தடியில் என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணாடி உடைந்த சாமி படங்கள், கை ஒடிந்த பிள்ளையார், வீடு மாறிப்போன சீனர்கள் விட்டுச் சென்ற சிவப்புச் சாமி மேடைகள். வீட்டில் வைக்கவும் மனமில்லை, குப்பையில் போடவும் பயம். ஆகவே இருட்டியதும் கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். நம் ஊர் வழக்கம் அப்படி.

குப்பை அள்ள வந்த லோரிக்காரர் பாலன் கும்பிடு போட்டார். “ஆன்டி, குப்பை ஏத்துறேன். சாமி ஏத்த மாட்டேன்.”

யார் ஏற்றியது? நானா, நீங்களா? அம்மையார் ஒருவர்தான். சீனச் சாமிகளைச் சீனக் கோவிலில் கேட்டு ஒப்படைத்தார். நம் படங்களின் கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றி, மஞ்சள் துணியில் கட்டி, பிள்ளையாரைத் தம் காரில் உட்கார வைத்து, சீட் பெல்ட்டும் போட்டு, மோரிப் கடற்கரைக்குப் பூசாரியோடு போனார். சூடம் காட்டிக் கடலில் சேர்த்தார். இதைவிட மரியாதையாக வேறு யார் செய்திருப்பார்கள்?

போன மாதம் அதே பூங்காவில், பல்லாங்குழி மேசை அருகே அவருக்கு மாரடைப்பு வந்து உயிர் போனது. சர்க்கரை, இரத்த அழுத்தம், டாக்டர் சொன்ன சிகிச்சையைத் தள்ளிப்போட்டது, எல்லாம் விமலனுக்குத் தெரியும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? “சாமியத் தூக்கினாங்க, சாமி தூக்கிருச்சு.” பெற்ற மகன் காதில் விழ இப்படிப் பேசலாமா?

அன்று மாலையிலிருந்து ஒரு பிள்ளைகூடக் கீழே இறங்கவில்லை. காவலாளி கதவைப் பூட்டிவிட்டார். அந்த இடத்தைக் கார் நிறுத்துமிடமாக்கித் தாருங்கள் என்று நம்மில் சிலரே கேட்டிருக்கிறார்கள். நகராண்மைக் கழக அதிகாரி என்னிடம், “ஆள் வராத பூங்காவ வெச்சு என்ன செய்யிறது அங்கிள்?” என்கிறார். அடுத்த வாரம் பார்க்க வருகிறார். பூங்கா இப்படியே பூட்டிக் கிடந்தால் போய்விடும்.

என் நிலைமை தெரியுமா? கதவைத் திறந்து, அங்கே ஒரு பிள்ளைக்கு முட்டி சிராய்ந்தாலும் பழி என் தலையில். திறக்காவிட்டால் அம்மையாருக்குத் துரோகம். வீட்டுக்குப் போனால் என் மனைவி வீரம்மா. “பேத்திய அங்க கூட்டிட்டுப் போனீங்க, நான் மக வீட்டுக்குப் போயிருவேன்” என்கிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

நேற்றுக் காலை வேலிப் பக்கம் போனேன். வேலியை ஒட்டிய அதே அரசமரத்தடியில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு முருகன் படம். புதிதாக வைத்தது, பூ வாடக்கூட இல்லை. வைத்தவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். யார் என்று கேட்க மாட்டேன். சாமி கோபித்துக்கொண்டார் என்று பூங்காவுக்கு வர மாட்டீர்கள், சாமியை விட்டுவிட்டுப் போக மட்டும் வருவீர்களா? படத்தை எடுத்து என் வீட்டுச் சாமி மேடையில் வைத்திருக்கிறேன். வீரம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

அம்மையார் பெயரால் இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். இன்று மாலை கதவைத் திறப்பேன். அதிகாரி வரும் நாளும் அதற்குப் பிறகும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஒன்று. எனக்கும் நெஞ்சில் அடைப்பு உண்டு, டாக்டர்கள் உள்ளே சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். நானும் அங்கே சாய்ந்துவிட்டால், “பார்த்தீங்களா, சொன்னோம்ல” என்பீர்கள். மறுநாளே காருக்குக் கோடு போட்டுவிடுவார்கள். அதனால் இப்போதைக்கு எனக்குச் சாகக்கூட வழியில்லை. சர்க்கரை போட்ட தே தாரிக் டீயை இன்றோடு விட்டுவிட்டேன்.

நீங்கள் கீழே இறங்கி வராவிட்டால் போகிறது. சாயங்காலம் கிரில் வழியாக எட்டிப் பாருங்கள். தாத்தா இன்னும் உயிரோடுதான் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.